எங்க ஆச்சியை எங்களோட சேர்ந்து தாங்கின எல்லாருக்கும்

வணக்கம். கோவில்பட்டில எங்க கடலை மிட்டாய் கடைக்கு வந்து போற எல்லாருக்கும், சொந்த பந்தத்துக்கும், பேரு கூட தெரியாம முப்பது நாப்பது வருஷமா "கடலை மிட்டாய் ஆச்சி"ன்னே கூப்பிட்டு பழகின உங்க எல்லாருக்கும் பேத்தி எழுதுறேன். போன மாசம் ஒரு வியாழக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு ஆச்சி போயிட்டாங்க, தொண்ணூத்திரெண்டு வயசு. பதினாறும் முடிஞ்சிருச்சு. இன்னைக்குத்தான் உக்காந்து எழுத முடிஞ்சுது.

துட்டிக்கு வந்த எல்லாரும் அந்த ரெண்டு நாளும் ஆச்சி உங்களுக்கு என்னெல்லாம் செஞ்சாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ஸ்கூல் பீஸ் கட்டினது, கல்யாணத்துக்கு மிட்டாய் காசு வாங்காம குடுத்தது, பசிக்குதுன்னு நின்ன பிள்ளைக்கு உடைஞ்ச மிட்டாய குடுக்காம முழு மிட்டாயா எடுத்து குடுத்ததுன்னு நிறைய. எங்களுக்கே பாதி தெரியாது, கேக்க கேக்க அழுகையா வந்துச்சு. ஆனா நீங்க ஆச்சிக்கு செஞ்சத உங்கள்ல ஒருத்தர் கூட வாய் திறந்து சொல்லல. அது எனக்கு தெரியும், ஏன்னா ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு ஆச்சி எனக்கு சொன்ன கதையெல்லாம் உங்க கதைதான். அதனால அத நான் சொல்லியே ஆகணும்.

1968ல தாத்தா திடீர்னு போனப்ப ஆச்சிக்கு முப்பத்தஞ்சு வயசு, நாலு பிள்ளைங்க, கடைசி பிள்ளை எங்கம்மா கைக்குழந்தை. பொட்டச்சி அடுப்புல நின்னு பாகு காய்ச்சி யாவாரம் பாக்க முடியுமா, பேசாம கடைய குடுத்துட்டு தீப்பெட்டி செய்ற ஆபீசுக்கு போ, இல்ல வீட்டுலயே தீப்பெட்டி ஒட்டுன்னுதான் சொந்தத்துல எல்லாரும் சொல்லிருக்காங்க. நம்ம ஊர்ல அப்ப பொம்பளைங்களுக்கு அத விட்டா வேற வேலை அதிகம் கிடையாது, அவங்கள சொல்லியும் தப்பில்ல. அந்த நேரத்துல கடலை மண்டி அண்ணாச்சி ஒருத்தர் வீட்டு வாசல்ல ரெண்டு மூட்டை கடலைய இறக்கி வச்சிட்டு, "நீங்க வறுங்க மதினி, துட்டு எப்ப வருதோ அப்ப குடுங்க"ன்னு சொல்லிட்டு திரும்பி பாக்காம போயிட்டாராம். அவரும் போயி பல வருஷம் ஆச்சு. அவரோட பேரன் பதினாறு அன்னைக்கு பந்தியில இலை எடுத்துக்கிட்டு இருந்தாரு, உங்களுக்கு இது தெரியுமான்னு எனக்கு தெரியல அண்ணே, அந்த ரெண்டு மூட்டை கடலையிலதான் எங்கம்மா, மாமா எல்லாரும் படிச்சாங்க. உங்க தாத்தாவுக்கு எங்க குடும்பமே நன்றி சொல்லுது.

அப்புறம் தண்ணி. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க, சீவலப்பேரில இருந்து வர்ற தாமிரபரணி தண்ணி நம்ம ஊருக்கு பத்து நாளைக்கு ஒருக்கா கூட ஒழுங்கா வராத காலம் ஒண்ணு இருந்துச்சு. கிணத்து தண்ணி உப்பு, அதுல பாகு காய்ச்சினா ருசி மாறிப்போகும்னு ஆச்சி ஒத்துக்கவே மாட்டாங்க, தாமிரபரணி தண்ணிலதான் காய்ச்சணும். குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல மிட்டாய்க்கு எங்க போறது? எங்க தெருவுல மூணு வீட்டுக்காரங்க அவங்க பிடிச்சு வச்ச தண்ணில ஆளுக்கு ஒரு குடம் ஆச்சிக்கு ஒதுக்கி வச்சாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருஷக்கணக்கா. அவங்க வீட்டுலயும் குழந்தைங்க இருந்துச்சு, குளிக்கிற தண்ணிய குறைச்சுக்கிட்டு குடுத்தாங்கன்னு ஆச்சி சொல்லும்போதெல்லாம் குரல் கம்மிரும். சித்தி, மதினி, பெரியம்மைன்னு ஆச்சி உறவு சொல்லி கூப்பிட்ட அந்த மூணு வீடும் இன்னும் அதே தெருவுலதான் இருக்கீங்க. கடலை மிட்டாய் ருசிக்கு கடலையும் வெல்லமும் தண்ணியும்தான் காரணம்னு சொல்றாங்கல்ல, எங்க கடை மிட்டாயோட தண்ணி உங்க வீட்டு குடத்து தண்ணி.

கடையில வேலை பாத்த அக்காமாருக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு மிட்டாய்தானேன்னு தோணும். வறுத்த கடலைய சூடு ஆறுறதுக்குள்ள தேச்சு, சுளகுல போட்டு புடைச்சு தோல் ஒண்ணு இல்லாம எடுக்கணும், சொத்தை கடலை ஒண்ணு கலந்தா அந்த தட்டு முழுக்க கசக்கும். வெல்லத்த கரைச்சு மண்ணு போக வடிகட்டி திரும்ப அடுப்புல ஏத்தி, பாகு பதம் வர்ற நேரம் ஒரு நிமிஷம் முந்தினா மிட்டாய் சவசவன்னு பல்லுல ஒட்டும், ஒரு நிமிஷம் பிந்தினா கருகல் வாடை. பதம் வந்த உடனே கடலைய கொட்டி கிளறி, கட்டையில ஊத்தி உருளைய வச்சு தேய்க்கணும், அது இறுகுறதுக்கு முன்னாடி வெட்டிரணும், பேச்சுக்கே நேரம் இருக்காது. அந்த சூட்டுல கை வெந்து வெந்து அக்காமாருக்கு விரல் ரேகையே மங்கிருச்சு, ரேஷன் கடையில மிஷின்ல விரல வச்சா எடுக்க மாட்டேங்குதுன்னு சொல்லுவாங்க.

ஆச்சிக்கு எண்பத்தஞ்சு வயசுக்கு மேல கண்ணு சரியா தெரியல. அடுப்பு பக்கம் விடாதீங்கன்னு நாங்க சொன்னோம். அக்காமாரு என்ன செஞ்சாங்க தெரியுமா, அடுப்புல இருந்து ரெண்டு முழம் தள்ளி ஒரு முக்காலிய போட்டு ஆச்சிய உக்கார வச்சிருவாங்க. பாகுல இருந்து ஒரு சொட்டு எடுத்து கிண்ணத்து தண்ணில விட்டு, அது கல்லு மாதிரி ஆனதும் எடுத்து ஆச்சி காது பக்கம் பித்தளை செம்புல ஒரு தட்டு தட்டுவாங்க. "ணங்"குனு கேட்டா ஆச்சி தலைய ஆட்டுவாங்க, உடனே கடலைய கொட்டுவாங்க. சத்தம் மொத்துன்னு வந்தா "இன்னும் கொஞ்சம் பொறுங்க தாயி". அந்த அக்காமாருக்கு பாகு பதம் கண்ண மூடிக்கிட்டு தெரியும், கேக்கவே வேண்டிய அவசியம் இல்ல, முப்பது வருஷம் அனுபவம். ஆனாலும் ஏழு வருஷம், ஒவ்வொரு சட்டிக்கும், ஆச்சிகிட்ட அந்த சத்தத்த கேட்டுட்டுத்தான் கடலை போட்டாங்க. இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு என்ன மரியாதை செய்ய முடியும்? பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க நாங்க உக்காருங்க உக்காருங்கன்னு சொன்னோம், நீங்கதான் அவங்கள கடைசி வரைக்கும் கடைக்காரியா வச்சிருந்தீங்க.

2020 ஏப்ரல் கடைசில கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊருக்கே உரிய பொருள்னு அரசாங்கம் குடுக்குற அங்கீகாரம், கிடைச்சுதுன்னு டிவில சொன்னாங்க. 2014ல இருந்து நம்ம ஊர் உற்பத்தியாளர் சங்கத்துக்காரங்க நடையா நடந்து வாங்கினது. அன்னைக்கு ஊரடங்கு, கடை அடைச்சிருந்தோம், அடுப்பு பத்த வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. டிவி சத்தத்த கேட்டுட்டு ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "முந்தி கருப்பட்டில செஞ்ச காலத்துல இருந்து எத்தனை பேரு கை வெந்துருக்கும்"னு மட்டும் சொன்னாங்க. சங்கத்து அண்ணாச்சிமாரு போன் பண்ணி, முத வாழ்த்து ஆச்சிக்குத்தான்னு சொன்னீங்க. அந்த போன் வந்ததுக்கு அப்புறம்தான் ஆச்சி அன்னைக்கு சாப்பிட்டாங்க.

2023 டிசம்பர் 17, 18 மழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் அப்படியே நிக்குது, ஏரல் பக்கம் வெள்ளம், தூத்துக்குடி டவுனுக்குள்ள தண்ணி. ஆச்சிக்கு அப்ப தொண்ணூறு. "அடுப்பு எரியாத இடத்துக்கு நம்ம மிட்டாய்தான் சோறு, சமைக்க வேண்டாம், நனையாம கட்டினா கெடாது"ன்னு இருக்குறத பூரா கட்டச் சொல்லிட்டாங்க. கட்டுனது நாங்க, ஆனா கொண்டு போனது யாரு? டெம்போ வச்சிருக்க அண்ணன் டீசல் காசு கூட வேண்டாம்னுட்டாரு, ஹாக்கி விளையாடுற பசங்க எட்டு பேரு இடுப்பளவு தண்ணில அட்டை பெட்டிய தலையில வச்சு நடந்து போயி வீடு வீடா குடுத்துட்டு வந்தாங்க. ஊர்ல எல்லாரும் "ஆச்சி அனுப்பினாங்க"ன்னுதான் சொல்றாங்க. தம்பிங்களா, அது நீங்க அனுப்பினது. அந்த ராத்திரி நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ஆச்சி திண்ணையிலயே உக்காந்திருந்தாங்க, எட்டு பேரையும் தலைய தொட்டு எண்ணி பாத்துட்டுத்தான் உள்ள போனாங்க.

கடைசி நாள்கள பத்தி நிறைய எழுத மனசு வரல. மூச்சு திணறல்னு முதல்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், வயசு கேட்டதும் வீட்டுக்கே கூட்டிட்டு போயி வச்சுக்கோங்கன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க. எங்களுக்கு என்ன செய்யன்னு தெரியாம நின்னப்ப ஆட்டோ ஓட்டுற அண்ணன்தான் எங்கள கேக்காமலே வண்டிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு திருப்புனாரு. அங்க நைட் டூட்டில இருந்த சிஸ்டர், ஆக்சிஜன் வச்சிட்டு ஆச்சி கைய பிடிச்சு பாத்துட்டு, "இந்த கைய எனக்கு தெரியும், சின்ன பிள்ளையில எனக்கு மிட்டாய் குடுத்த கை"ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒன்பது நாளும் டூட்டி முடிஞ்சாலும் ஒரு தடவை வந்து ஆச்சிய திருப்பி படுக்க வச்சிட்டுத்தான் வீட்டுக்கு போவாங்க, ஆச்சி முதுகுல ஒரு புண்ணு கூட வரல. சிஸ்டர், நீங்க பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டீங்க, அதனால போடல. வார்டு சுத்தம் பண்ற அக்காவுக்கும், ராத்திரி எங்கம்மாவுக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்த பக்கத்து பெட் பெரியவருக்கும் இதுல பங்கு உண்டு.

தூக்குற அன்னைக்கு மார்க்கெட் ரோட்டுல உள்ள மத்த கடலை மிட்டாய் கடைக்காரங்க எல்லாம் மத்தியானம் வரைக்கும் கடை அடைச்சீங்க. யாரும் உங்கள கேக்கல. யாவாரத்துல உங்களுக்கும் எங்களுக்கும் போட்டிதான், பங்குனி திருவிழா நேரத்துல வாடிக்கைய பிடிக்க எவ்வளவு முட்டிக்கிட்டிருக்கோம், ஆனாலும் அடைச்சிட்டு வந்து தெருமுனையில நின்னீங்க. எங்க மாமா அத பாத்துட்டுத்தான் அன்னைக்கு முதல்ல அழுதாரு, அது வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு.

வாய்க்கரிசி போடும்போது கடையில இருக்குறதுலயே மூத்த அக்கா அரிசியோட கொஞ்சம் ரோஸ் கலர் தேங்காப்பூவும் சேத்து போட்டாங்க, நம்ம மிட்டாய் மேல தூவுவோம்ல, அது. தாத்தா போன பிறகு ஆச்சி கலர் சீலையே கட்டினதில்ல, ஆனா ஒவ்வொரு தட்டுக்கும் அந்த கலர் தேங்காப்பூவ வேற யார்கிட்டயும் குடுக்காம அவங்களே தூவுவாங்க, பச்சை கொஞ்சம் மஞ்சள் கொஞ்சம், ரோஸ் மட்டும் கை நிறைய. பெரியவங்க யாராவது ஏதாவது சொல்வாங்களோன்னு எங்களுக்கு பயமா இருந்துச்சு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அதுக்கு அடுத்து போட்டவங்களும் அந்த டப்பாவுல இருந்து ஆளுக்கு ஒரு கிள்ளு எடுத்து சேத்து போட்டாங்க.

இன்னும் எத்தனையோ பேரு இருக்கீங்க. பந்தல் போட்ட தம்பிங்க, மூணு நாளும் சோறாக்கி அனுப்புன வீடுங்க, மெட்ராஸ்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா நெல்லை எக்ஸ்பிரஸ்ல நின்னுக்கிட்டே வந்த எங்க வீட்டு பழைய வாடகைக்காரர், வெளிநாட்டுல இருந்து வீடியோ கால்ல ஆச்சி முகத்த பாத்து அழுத பிள்ளைங்க. யாரையாவது விட்டிருந்தா மனசுல வச்சுக்காதீங்க, நேர்ல வந்து சண்டை போடுங்க.

கடை வர்ற திங்கக்கிழமை திறக்குறோம். அடுப்பு காலையில அஞ்சு மணிக்கு வழக்கம்போல பத்தும். முக்காலிய எடுத்துரலாமான்னு அக்காமார்கிட்ட கேட்டேன், இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.

ஒரு விஷயம். நீங்க சாப்பாடு அனுப்பின பாத்திரம் நிறைய எங்க வீட்டுல தங்கிருச்சு. ஒரு பெரிய அண்டா, மூணு தூக்குவாளி, மூடியில நீலக் கலர் நூலு கட்டின ஒரு டிபன் கேரியர், பித்தளை கரண்டி ரெண்டு. எல்லாத்தையும் கழுவி கடையிலதான் வச்சிருக்கோம், உங்களோடது இருந்தா வந்து வாங்கிட்டு போங்க. வெறும் பாத்திரமா திருப்பி குடுக்க ஆச்சி எங்கள விட்டதில்ல, அதனால திங்கக்கிழமை முத சட்டி வெட்டின பிறகு வாங்க.