கீழ வயலில் உளுந்து தெளித்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் பேசும்போது முகம் தெரியாத மூலையாகப் பார்த்து உட்காருகிறாய். சிங்கப்பூரில் விளக்குக்குமா பஞ்சம்?

நீ வேண்டாம் என்ற காரியத்தைச் செய்துவிட்டேன். கீழ வயல் மூன்று மா நிலத்திலும் ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஆடுதுறை 3 ரக உளுந்தைத் தெளித்தாயிற்று. திங்கட்கிழமை நெல் அறுப்பு. அங்கே மிஷின் இறங்காது, கையறுப்புதான். நட்டம் என்பாய். உன் கணக்கு சரிதான். ஆனால் பெல்ட் போட்ட அறுப்பு வண்டி இறங்கினால் இரண்டு இலை விட்ட பயிர் சேற்றோடு நசுங்கிப் போகும். வடக்கு மாவில் போன வருடம் பார்த்தாயே.

கீழத்தெருப் பெண்கள் அறுப்புக் கூலியாக நெல் வாங்கிப் போன காலம் உனக்கே நினைவிருக்கும். பங்குனியில் உளுந்து பறித்தால் பறித்ததில் பங்கு வேறு. இப்போது ரேஷனில் அரிசி இலவசம், இனி ஊரில் யாருக்குப் பட்டினி என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அரிசி இருக்கிறது, தம்பி. தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு. ஐந்து பேர் வீட்டில் அது எத்தனை நாளைக்கு? பிள்ளைகளுக்காவது பள்ளிக்கூடத்தில் மதியம் முட்டை உண்டு. 2023-இல் காலை உணவுத் திட்டத்தை எல்லா ஊருக்கும் விரித்து திருக்குவளையில் தொடங்கிவைத்த பிறகு காலைச் சாப்பாடும் வருகிறது. பெரியவர்களுக்கு யார் போடுவது? ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையே கிடையாது. அப்போது கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, கேட்டால் "பசியில்லை" என்பார்கள். போன வாரம் நீயும் அதைத்தான் சொன்னாய்.

சரி, விடு. வரப்பில் அகத்தியும் முருங்கையும் ஊன்றியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் கீரை ஒடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா இருந்தால் கத்தியிருப்பார். சாயங்காலம் அவரே ஒரு கட்டு ஒடித்துக்கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். விளைந்ததை எல்லாம் கொள்முதல் நிலையத்துக்கே ஏற்றிவிட்டால் அறுத்தவள் வீட்டு உலையில் என்ன வேகும்? நாலு மிராசுகள் ஆளுக்கு ஒரு வயலை இப்படி விட்டால் கீழத்தெருவில் வருடத்துக்கும் பருப்பு இருக்கும். நம் பெரிய அத்தை மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கஜா புயலில் போன கூரையை நீ அனுப்பிய பணத்தில்தான் போட்டோம் என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி, ஒரே தொகையாக வரும். இப்போது துண்டு துண்டாக வருகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அறையில் இருக்கிற மன்னார்குடிப் பையனின் அம்மா ரேஷன் கடை வரிசையில் ஏதோ இழுத்தாள். அவள் பேச்சை நான் என்றைக்கு நம்பினேன்? ஆனாலும் நீ போனை எடுக்க வேண்டும். எடுத்தால் முகத்தைக் காட்ட வேண்டும். சாப்பிட வேண்டும், தம்பி. வெறும் சோறு போதாது, முட்டை வாங்கு, பருப்பு வேகவை.

அறுப்புக் கூலியை நெல்லாகவே அளந்துவிடுவேன். எனக்குக் கைச்செலவு கிடையாது. அடுத்த மாதம் பணம் அனுப்பாதே, இங்கே உள்ள கடனுக்கும் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட்டுக்கு வேண்டுமென்றால் வெட்கப்படாமல் சொல். பங்குனியில் உளுந்து பறிக்க எனக்கும் ஆள் போதாது.

அம்மா