புளியைக் கடைசியில் ஊற்று

ஜார்ஜ்டவுன், பினாங்கு,
ஞாயிறு காலை

தம்பி,

நீ கொண்டைக்கடலைக் கறி வைத்த கதையைப் போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. புளியை முதலிலேயே ஊற்றி இரண்டு மணி நேரம் கொதித்தும் கடலை கோலிக்குண்டாகவே கிடந்ததென்றால் குற்றம் உன் கையில் இல்லை, புளியில். புளிப்பு பட்டால் கடலை இறுகிவிடும். பிறகு எவ்வளவு எரித்தாலும் லேசில் மசியாது. தக்காளியும் அப்படித்தான். முதலில் கடலை வேகட்டும்.

ராத்திரியே ஒரு கப் கடலையை நிறையத் தண்ணீரில் ஊறப்போடு. காலையில் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில். இரண்டு விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும். ஆகாவிட்டால் இன்னும் இரண்டு விசில் விடு, அவசரப்படாதே. கடையில் வருஷக்கணக்கில் கிடந்த கடலை என்றால் அதுவும் சண்டித்தனம் பண்ணும். நான் லெபோ பசார் கடைத்தெருவில் வாங்குவதே அதற்காகத்தான், அங்கே சரக்கு தேங்குவதில்லை.

தாளிப்பு உனக்குத் தெரியும். ஒன்று மட்டும்: கறித்தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்று, தூளாகக் கொட்டினால் கருகும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வதக்கு. பிறகு கடலையை வெந்த தண்ணீரோடு சேர்த்து, ஒரு கைப்பிடியை மசித்துவிடு, குழம்பு தானாகக் கெட்டிப்படும். அப்புறம் புளி. தேங்காய்ப்பால் எல்லாவற்றுக்கும் கடைசி. நுரை கட்டியதும் அடுப்பை அணை.

அம்மாவுக்குத் தோசையோடு வேண்டும். எனக்கு மறுநாள் கறியும் ரொட்டி பெங்காலி என்கிற நம் ஊர் முழு ரொட்டியும் போதும், தடிமனாக வெட்டி முக்கித் தின்றால் மீன்கறியே தோற்றுவிடும்.

மிச்சக் கறி புளித்துப்போனதாகச் சொன்னாயே, அதற்கும் வருத்தப்படாதே. ஒரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் எங்கள் சாப்பாட்டுப் பந்தல். காலையில் வேலை மிச்சமாகட்டும் என்று ராத்திரியே தேங்காய்ப்பாலை ஊற்றி மூடி வைத்தேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. விடியும்போது அண்டாவில் நுரை. நாலு கிலோ கடலை குப்பைக்குப் போனது. உன் அம்மா இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கறி வெளியே இருக்கக்கூடாது. சட்டியோடு ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாலும் நடுவில் சூடு வெகுநேரம் நிற்கும், கெடுவது அங்கேதான். உயரமில்லாத டப்பாக்களில் பிரித்து வை. மூன்று நாள், மிஞ்சினால் நாலு. அதற்கு மேல் வேண்டுமானால் தேங்காய்ப்பால் ஊற்றுமுன் ஒரு பங்கை எடுத்து ஃப்ரீசரில் போடு. உருளைக்கிழங்கு அதில் வேண்டாம், உறைந்து இளகினால் சொதசொதவென்று ஆகிவிடும். சாப்பிடுகிற அளவை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்க வை. திரும்பத் திரும்பச் சுடவைத்தால் ருசியும் போய்விடும்.

டப்பா என்றதும் ஞாபகம் வருகிறது. பச்சை மூடி போட்டது இரண்டு கோலாலம்பூருக்கு வந்து எட்டு மாதமாகிறது. கணக்கு என்னுடையதில்லை, அம்மாவுடையது. அடுத்த தடவை ரயில் ஏறும்போது மூடியோடு கொண்டு வா.

அப்பா