அக்காவுக்குச் சரி, தம்பிக்குச் சரிவரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பிடிவாதம் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது’ என்று ஒரு வரி வந்திருந்தது. மேலூர்ப் பக்கம் 27 ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். அந்த வரி மனதை உறுத்துகிறது. பிள்ளை கொஞ்சம் முரண்டு பிடித்தாலே தாயைத்தான் குறை சொல்கிறார்கள்.

பிறவிக் குணம் என்று ஒன்று இருக்கிறதே! அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கி, 133 பேரைக் கைக்குழந்தையிலிருந்து பெரியவர்களாகும் வரை கவனித்தார்கள். சுமார் 40 சதவீதம் பேர் எதற்கும் எளிதாக ஒத்துப்போனார்கள். 10 சதவீதம் பேர் எதையும் லேசில் ஏற்காமல் முரண்டினார்கள். 15 சதவீதம் பேர் புது இடம், புது முகம் என்றால் ஒதுங்கி நின்று மெல்லப் பழகினார்கள். மற்றவர்கள் எந்த வகையிலும் அடங்கவில்லை. பிள்ளையின் குணத்துக்கும் பெரியவர்கள் நடத்தும் விதத்துக்கும் ஒட்டாதபோதுதான் சிக்கல் முற்றுகிறது என்றார்கள்.

எங்கள் மையத்துக்கு ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அக்கா முதல் நாளே பாயில் உட்கார்ந்து சத்துமாவு உருண்டை கேட்டாள். இரண்டு வருஷம் கழித்து வந்த தம்பி வாசற்படியே தாண்டவில்லை. வெளியே கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “அடியாத மாடு படியாது டீச்சர், இவளையும் இப்படித்தானே வளர்த்தோம்” என்று அவன் அப்பா குச்சியோடு வந்து நிற்பார். நானும் ஒருநாள் அவனை உள்ளே தூக்கி வந்து உட்காரவைத்தேன். மூச்சுமுட்ட அழுது வாந்தி எடுத்துவிட்டான். அது என் தப்பு, இன்றும் வலிக்கிறது.

அப்புறம் பாயை வாசல் வரை இழுத்துப் போட்டோம். செல்லம் கொடுக்கவில்லை, தினமும் பத்து மணிக்கு அவன் வந்தே ஆக வேண்டும். ஆனால் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் முட்டை கொடுக்கும் நேரத்தில் தானாக வந்து ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், தண்ணீர் பீய்ச்சுவதையும் கூட்டத்தையும் கண்டு வீறிடும் பிள்ளையை, “பக்கத்து வீட்டுப் பையனைப் பார்” என்று சொல்லித் தயவுசெய்து முன்னால் இழுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, ஓரமாக நின்று காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மேலூர், மதுரை மாவட்டம்