மறைந்துபோகாதவர்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், போதகர் ஐயாவுக்கும், ஜெபக்குழுவில் உள்ள எல்லோருக்கும்,

அவர் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. நேரில் வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒன்றும் உள்ளே போகாது. எல்லாம் நன்மைக்கே என்று சொன்னவர்கள் உண்டு. உனக்கு விசுவாசம் போதவில்லை என்றவர்களும் உண்டு. கேட்கக் கேட்க எனக்குப் பேச்சே நின்றுபோனது, தேவனிடமும்.

போதகர் ஐயா, நீங்கள் வந்த அன்று பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தீர்கள். கடைசியில் ஓர் ஆறுதல் வசனம் வரும், இவரும் அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓர் இடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். ஏமான் என்பவர் பாடிய இந்தச் சங்கீதம் கடைசிவரை திரும்புவதே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு, "இதுவும் ஜெபம்தான் அம்மா. இதையும் சேர்த்துத்தான் 150 சங்கீதம்" என்றீர்கள்.

அன்று இரவு கர்த்தரிடம் சண்டை போட்டேன். அத்தனை நாளுக்கு அப்புறம் அவரிடம் நான் பேசியது அதுதான். அந்தச் சங்கீதத்தின் முதல் வரியைச் சில வாரங்கள் கழித்துத்தான் சரியாகக் கவனித்தேன். அவ்வளவு இருட்டிலும் அந்த மனிதர் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிடத் தொடங்குகிறார். யாரைக் கூப்பிடுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா, நீங்கள் தினமும் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு சங்கீதம் வாசித்து அனுப்பினீர்கள். நான் பதில் போட்டதில்லை, நீங்களும் ஏன் என்று கேட்டதில்லை. தூக்கம் வராத நேரத்தில் போனைக் காதோடு வைத்துக் கேட்பேன். முதலில் நீங்கள் தொண்டையைச் செருமுவது, அப்புறம் தாள் புரளும் சத்தம். 13-ஆம் சங்கீதத்தை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. முதல் இரண்டு வசனங்களிலேயே நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. மொத்தமே ஆறு வசனம்தான். நான் நான்காவதோடு நிறுத்திவிடுவேன். கிருபையையும் பாட்டையும் பற்றிய கடைசி இரண்டு வசனங்களை என்னால் தாங்க முடியவில்லை.

42-ஆம் சங்கீதத்தையும் நீங்கள்தான் அனுப்பினீர்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற வசனம் அதில் இரண்டு முறை வருகிறது, 43-இல் இன்னொரு முறை. ஒரு தடவை சொல்லி மனசு அடங்கவில்லை, அதனால் மறுபடியும் சொல்கிறார். அதைப் பார்த்தபோது, நேற்று தேறி இன்று மறுபடி விழுந்த என்னை நானே திட்டுவதை நிறுத்தினேன்.

அண்ணா, என்னை மருத்துவரிடம் அழைத்துப் போய் வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தீர்கள். ஜெபிக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று நான் அடம்பிடித்தபோது, "இரண்டையும் கொடுக்கிறவர் ஒருவர்தான்" என்று சொல்லி வண்டியை எடுத்தீர்கள். அந்த மாத்திரைகளுக்காகவும் தேவனுக்கு நன்றி சொல்கிறேன்.

ஏமானுக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள். எனக்கு நீங்கள் மறைந்துபோகவில்லை. கர்த்தர் என்னைக் கைவிடவில்லை என்று நான் நம்பத் தொடங்கியதே உங்களைப் பார்த்துத்தான்.

அக்கா, நேற்று இரவு 13-ஆம் சங்கீதத்தை நானே சத்தமாக வாசித்தேன், ஆறு வசனமும். பதிவு செய்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவது வசனத்தில் குரல் உடைகிறது. மறுபடி பதிவு செய்யாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை