கண்மாயைத் தோண்டும் முன் மடையைப் பாருங்கள்

ஊராட்சி ஒன்றியக் கண்மாய்களுக்கு மதிப்பீடு போடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சிவகங்கைப் பக்கம் கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் நெல் போடும் விவசாயி எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000 இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத்துறையிடம். அதற்குக் கீழே உள்ள சின்னக் கண்மாய்கள் உங்களிடம். எண்ணிக்கையில் பாதிக்கும் மேல் இவைதான். ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்து 2017-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து கண்மாய்கள் மேல் கவனம் திரும்பியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வேலை என்றாலே பொக்லைன் வந்து, தண்ணீர் தேங்கும் உள்வாயைத் தோண்டுவது என்று ஆகிவிடுகிறது.

கரையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழிதான் மடை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு வராது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணறுகளுக்கும் கொஞ்சம் ஊறும். சரி, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. தை மாதத்தில் கதிர் பால் பிடிக்கும்போது எங்களுக்கு வேண்டிய கடைசித் தண்ணீர் அதில் கிடைக்காது. கரையின் உள் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். வண்டல் மண்ணை விவசாயிகளே எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. மேலோட்டமான தூரை நாங்கள் அள்ளிக்கொள்வோம். உங்கள் பணம் வேறு இடத்துக்கு வேண்டும்.

முதலில் மடைக்கு. துருப்பிடித்த ஷட்டரின் சந்துகளைச் சாக்கும் வைக்கோலும் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறோம். மார்கழியில் மழை ஓய்ந்தபின் இரவும் பகலும் ஒழுகிப் போவது யாருக்கும் பயன்படாத தண்ணீர். மடைக்குழாயைச் சுற்றிக் கசியும் நீர் கலங்கலாக வந்தால் அதைவிட மோசம்: கரைக்குள் மண் அரிக்கிறது என்று அர்த்தம். தெளிந்த கசிவைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம், கலங்கலை ஒரு நாள்கூட விடக்கூடாது.

அப்புறம் கரை. சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டிவிட்டுப் போனால் வேர் மட்கி, அந்தத் துளை வழியே தண்ணீர் பாதை கண்டுபிடிக்கும். வேரோடு எடுத்து, அந்தக் குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கை விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. அப்படி ஒரு மழைக்கு எந்த மண்கரையும் தாங்குமா என்பது வேறு கேள்வி. சாதாரண அடைமழைக்கே, கலுங்கு மேல் மூட்டை அடுக்கியும், அதற்குக் கீழே ஓடையைச் சுருக்கியும் வைத்தால் தண்ணீர் கரையேறித்தான் போகும். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் உடைப்பை யாராலும் தடுக்க முடியாது.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது அடைபட்டால் மற்ற வேலை எதுவும் பலிக்காது.

ஆனியில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது வாருங்கள். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் எங்கள் நீர்ப்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு வரத்துக்காலின் தலையிலிருந்து கடைசி வயல் வரை நடந்து பாருங்கள். எந்த மடை எப்போது திணறும் என்று அவருக்குத்தான் தெரியும். அதன்பின் மதிப்பீடு எழுதுங்கள். எழுதியதன் நகலை, மடைக்கு எவ்வளவு, கலுங்குக்கு எவ்வளவு என்று பிரித்து, வேலை தொடங்கும் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவன்