அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது

யாழ்ப்பாணம்
15.3.2021

பிள்ளை,

அம்மாவும் நானும் சுகம். பதினாறு நாளாக உன் குரல் கேட்கவில்லை. போனில் கதைக்கத் தோதில்லை; அதனால் இதைத் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். மாமரம் பூத்திருக்கிறது. வேறு புதினமில்லை.

போன செவ்வாய் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடுப்பு. மகள் என்ன படம் எடுக்கிறா, யார் காசு தருகிறார்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. அவர்கள் போன பிறகுதான் அவவுக்குக் கை நடுங்கியது.

தனியாகப் போகாதே. எடுத்ததையெல்லாம் இன்னொரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வேறு வீட்டில் வை. பிடித்தால், சிங்களத்தில் எழுதின தாளில் கையெழுத்து வைக்காதே. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பொலிஸ் மேலதிகாரிக்குச் சொன்ன வாக்குமூலமே கோர்ட்டில் செல்லும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம்; எனக்குத் தலை நரைத்துவிட்டது. பத்திரிகையாளர் நிமலராஜனை 2000 ஒக்ரோபரில், ஊரடங்கு நேரத்தில், வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் சுட்டார்கள். நீயும் யன்னலைத் திறந்துவைத்து எழுதுகிறவள். மூடிவிட்டு எழுது. தனியாகப் போகாதே.

கிளிநொச்சி கந்தசாமி கோவிலடிக் கொட்டகையில் நீ எடுத்ததைத் தம்பி காட்டினான். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு அங்கே இருக்கிற அந்த அம்மாக்களை அவசரப்படுத்தாமல், அழுது முடியும்வரை கமராவை அசைக்காமல் வைத்திருக்கிறாய். நெஞ்சு நிறைந்தது. ஆனால் பெற்ற எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனம் வரவில்லையே.

அதில் எங்கள் ஒழுங்கை மாமியும் இருப்பா என்று நான் நினைக்கவில்லை. மகனின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, இதை யார் என் படலைக்குள் வைத்ததோ தெரியாது என்கிறா.

நான்தான் வைத்தேன்.

1996 ஆடியில், விடியப்புறம் அவனை இழுத்துக்கொண்டு போனதை யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். வாகனத்தின் நிறம், முன்னால் நின்றவனின் முகம், எல்லாம் தெரியும். சத்தம் ஓய்ந்த பிறகு போய்ச் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். வார் அறுந்திருந்தது. சாட்சி சொல்ல வா தம்பி என்று மாமி வந்து கேட்டபோது, நான் நித்திரை அக்கா என்றேன். நீ அப்போது கைக்குழந்தை. உன்னைச் சாட்டிச் சாட்டியே இருபத்தைந்து வருடம் போய்விட்டது.

இந்தக் கிழமை அவவின் படலைவரை இரண்டு தரம் போய்த் திரும்பி வந்தேன்.

நீ ஒருக்கால் வா. பகல் பஸ்ஸில் வா, யாரையாவது கூட்டிக்கொண்டு வா. கமராவையும் கொண்டு வா.

அப்பா