மீன் எத்தனை மணிக்குச் சாகுது?

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு,

இன்றோடு பன்னிரண்டு விடியல். எங்கள் கடல்மீன் தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லை. இந்த ஒரு வரியை எழுதும் துணிவு வரட்டும் என்றுதான் மடலை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டோம். என்ன நடந்தது என்று உங்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பாதிப்பேர் நேரில் வந்து பார்த்தீர்கள், மற்றவர்கள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றதும், கரண்ட் போய் வந்ததும், பிறகு எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்க மீன் மட்டும் ஒவ்வொன்றாய்ப் போனதும் ஊரறிந்த விஷயம்.

நன்றிக்குரியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒருவருக்கு முதலில், ஆறுதலாக, விபரமாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுழியோடி அலங்கார மீன் பிடிப்பது அவர் தொழில். தேத்தண்ணிக் கடையில் யாரோ கதைத்ததைக் கேட்டுவிட்டு, கூப்பிடாமலே படியேறி வந்தார்.

அதுவரை வந்த எல்லோரும் அமோனியா எவ்வளவு, உப்பு எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு என்று கேட்டார்கள். கேட்டது சரிதான். அமோனியா 0, நைட்ரைட் 0, உப்பு (ஒப்படர்த்தியில்) 1.025, சூடு 31 பாகை. சூட்டைத் தவிர எல்லாம் நல்ல இலக்கம். இந்த அண்ணை ஒரு இலக்கமும் கேட்கவில்லை. "மீன் எத்தனை மணிக்குச் சாகுது?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. காலையில் லைட் போடும்போது கிடந்ததை எடுத்தோம், அவ்வளவுதான். அடுத்து, "எது முதல்ல போனது?" என்றார். பவுடர் புளூ என்ற நீல மீன். பிறகு பெரிய ஏஞ்சல் மீன். பிறகு இரண்டு வண்ணத்துப்பூச்சி மீன். மிஞ்சியது க்ளவுன் மீன் சோடி, மண்ணில் இருக்கும் கோபி மீன்கள், கிளீனர் இறால், நத்தைகள். கேட்டுவிட்டு, பிடித்த மீனைப் படகில் போட்டு வைக்கும் பரலை நினைத்துச் சொன்னார்: "பரலில காத்து நிண்டால் முதல்ல பெரிய மீன்தான் போகும். மருந்தை ஊத்தாதேங்கோ. முதல்ல காத்தைப் பாருங்கோ."

அப்போது மேசையில் ஒரு மருந்துப் போத்தல் திறந்தபடி இருந்தது. ஃபார்மலின் கலந்த மருந்து தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இன்னும் குறைக்கும். அன்று பின்னேரம் அதை ஊற்றியிருந்தால் க்ளவுன் சோடியும் போயிருக்கும்.

அவருடைய இரண்டு கேள்விகளும் எதை எதிலிருந்து பிரிக்கின்றன என்பதை, தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்காகவும் இங்கே எழுதுகிறோம். தண்ணீரில் செம்பு கலந்திருந்தால் முதலில் விழுவது இறாலும் நத்தையும். அவை திடமாக ஊர்ந்து திரிய மீன் மட்டும் செத்தால் செம்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெல்வெட் ஒட்டுண்ணி என்றால் க்ளவுன் மீன் தப்புவது கடினம். மீன் பகலிலும் வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்துக்கு ஒளிக்கும், சாய்த்துப் பார்த்தால் தோலில் பொன்தூள் பூசியது போலத் தெரியும். பகல் முழுக்க நன்றாகச் சாப்பிட்டு நீந்திய மீன், அதுவும் உடம்பு பெரியதும் ஓட்டம் கூடியதும், விடியுமுன் சாகிறது என்றால் அது மூச்சுப் பிரச்சினை. இரவில் பாசியும் முருகைக்கல்லும் ஆக்சிஜனைத் தருவதில்லை. அவையும், மண்ணுக்குள் இருக்கும் பக்டீரியாவும், மீனோடு சேர்ந்து அதையே மூச்சாக எடுக்கின்றன. ஆகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன்புதான். நாங்கள் தண்ணீர் பரிசோதித்ததெல்லாம் பின்னேரம் நாலு மணிக்கு.

மறுநாள் அதிகாலை நாலு மணிக்கு அண்ணை வந்தார், கடலுக்குப் போகும் வழியில். லைட் போட விடவில்லை. டோர்ச்சைக் கூட நேரே அடிக்காமல், பக்கக் கண்ணாடியில் கையால் மறைத்துப் பிடித்தார். தண்ணீர் வழிந்து இறங்கும் மூலையில், பகலில் அந்தப் பக்கமே வராத மீன்கள் வாயை மேலே வைத்துக் கூட்டமாக நின்றன. செவுள் அடிப்பதை எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். எண்ண முடியாத வேகம்.

கால்மிதியில் இருந்து ஒரு தும்பு பிடுங்கி நீர்ப்பரப்பில் போட்டார். அது அசையவில்லை. சில்லரைக் கழற்றிக் குழாயை மாற்றிப் பூட்டியபோது தண்ணீர் வரும் வாய் கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. அடித்தண்ணீர் வேகமாகச் சுழன்றது, மேல்தண்ணீர் குளம் போலக் கிடந்தது, அதன்மேல் ஆறிய பாலில் ஆடை படிவது போல ஒரு படலம். காற்றும் தண்ணீரும் தொடும் இடமே மூடிப்போயிருந்தது. வாயை அரை அங்குலம் மேலே திருப்பினார். தும்பு ஓடிப்போய் வழிவாயில் விழுந்தது.

பிறகு கீழ்த்தொட்டியான சம்ப்பைத் திறந்து, காற்றுக் குமிழால் அழுக்கை நுரையாக்கிக் கோப்பையில் சேர்க்கும் ஸ்கிம்மரில் காதை வைத்தார். "இது தண்ணியை மட்டும் சுத்துது" என்றார். பம்ப் ஓடியது, தண்ணீர் சுழன்றது, ஆனால் நுரை இல்லை. கோப்பை ஒரு வாரமாக வெறுமையாக இருந்ததை, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். காற்றிழுக்கும் குழாயின் நுனியில் விரலை வைத்தார், உறிஞ்சவில்லை. விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்கை முறித்துக் குழாய்க்குள் விட்டுத் திருகினார். கடுகளவு ஒரு உப்புக் கட்டி விழுந்தது. "கர்ர்" என்று ஒரு இழுவை, பிறகு சீரான ஊதல், பிறகு தண்ணீர் முழுக்கப் பால் போல வெண்குமிழ். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றோம்.

அந்த உப்பு எப்படி வந்தது என்பதையும் அவரே சொன்னார். கரண்ட் போனபோது மேல்தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயர்ந்திருக்கிறது, காற்றுக்குழாய்க்குள் உப்புத்தண்ணீர் ஏறியிருக்கிறது. சில்லர் இல்லாததால் சூட்டைக் குறைக்க நாங்கள் சம்ப்புக்கு நேரே ஒரு மேசை ஃபேன் வைத்தோம். கச்சான் காற்றுக் காலத்தில் ஃபேன் நல்ல வேலை செய்யும், இரண்டு மூன்று பாகை இறக்கும். ஆனால் அதே காய்ந்த காற்று குழாய் நுனியில் இருந்த ஈரத்தை உப்பாக்கிவிட்டது. இப்போது அந்த நுனியைச் சம்ப்புக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே கட்டியிருக்கிறோம். ஃபேனையும் அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டோம்.

இன்னொன்று. குளிராக இருக்கட்டும் என்று கதவு யன்னல் எல்லாம் பூட்டி ஏசி போட்டிருந்தோம். ஆட்கள் மூச்சு விட்ட கரியமிலவாயு அறைக்குள்ளேயே நின்று தண்ணீரிலும் கரைந்தது. விடியப்புறம் பி.எச். 7.7. தண்ணீர் அப்படி அமிலப் பக்கம் சாயும்போது மீனின் இரத்தம் ஆக்சிஜனைப் பிடிக்கும் திறனும் குறையும். ஆக, இருந்ததே கொஞ்சம், அதையும் பிடிக்க முடியாத நிலை. இப்போது கடற்பக்க யன்னல் ஒன்று இரவெல்லாம் திறந்திருக்கிறது.

இவ்வளவையும் செய்துவிட்டு, பையில் இருந்து தன் பற்றரிக் காற்றுப் பம்பை எடுத்து, கல்லைத் தொட்டிக்குள் இறக்கி, "இண்டைக்கு இது இஞ்ச நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை.

நாலு நாள் கழித்து அவரோடு கடலுக்குப் போகிற தம்பி ஒருவர் சொல்லித்தான் தெரியும், அது அவர் படகில் வைக்கும் ஒரே பம்ப். அது இல்லாமல் பிடித்த மீனை உச்சிவெயில் வரை பரலில் வைத்திருக்க முடியாது. அன்று அவர் பாதி மீனோடு ஒன்பது மணிக்கே கரைக்குத் திரும்பியிருக்கிறார். மறுநாளும் அப்படித்தான். இந்தப் பக்கத்துக் கடல் சுழியோட விடுவது வருசத்தில் சில மாதம்தான், வாடைக்காற்று தொடங்கினால் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்தச் சில மாதத்தில் இரண்டு நாளை எங்கள் தொட்டிக்குத் தந்துவிட்டு, அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அண்ணை, பணம் நீட்டியபோது நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறோம்.

மற்றவர்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்குக் குறைநினைக்க மாட்டீர்கள். தன் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு முழுக்க எங்கள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிப் பனிக்கட்டியாக்கித் தந்த பக்கத்து வீட்டு ராத்தா. ஒரு போத்தலுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதேங்கோ, சூடு சடாரென்று இறங்கினாலும் மீன் போகும் என்று நினைவூட்டிய அவர் மகன். ஃபேனால் ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு நாளுக்கு எட்டு லீற்றர் ஆர்.ஓ. (வடிகட்டிச் சுத்தமாக்கிய) தண்ணீர் கொண்டுவந்த ஓட்டோத் தம்பி. கிணற்றுத் தண்ணீரை ஊற்ற விடாமல் தடுத்தவரும் அவர்தான். மகாவலித் தண்ணீர் கலக்கும் கொட்டியார்க் குடாவில் அள்ளாமல், நிலாவெளிப் பக்கம் போய்க் கான்களில் கடல்நீர் கொண்டுவந்த நானாவும் மல்லியும். ஆக்சிஜன் மீட்டரைத் தன் பொறுப்பில் இரவல் தந்த தங்கச்சி.

அந்த மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, யாருக்காவது உதவும். அதில் உப்பின் அளவைக் கொடுக்காமல் அளந்தால், கடல்நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். தங்கச்சி அதைக் கடல்நீரின் உப்பளவான 35 இல் (ஆயிரத்துக்கு 35) வைத்துத் தந்தார். 31 பாகையில் கடல்நீர் முழுதாகப் பிடிக்கக்கூடிய ஆக்சிஜனே லீற்றருக்கு 6 மில்லிகிராம் அளவில்தான். அண்ணை ஈர்க்கை எடுப்பதற்குச் சற்று முன் இருந்தது 3.4. மறுநாள் அதே நேரம் 5.3. முதல்நாள் பின்னேரம் பார்த்தபோது 5.9 காட்டியது. பின்னேரம் மட்டும் பார்த்திருந்தால் இந்த மீட்டரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லியிருக்காது.

அலங்கார மீன் பிடிப்பவர்கள் என்றாலே முருகைக்கல்லை உடைப்பவர்கள் என்று எங்களில் சிலர் கதைத்திருக்கிறோம். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொட்டி வைத்திருக்கும் நாங்கள் மீனைக் கண்ணாடிக்கு உள்ளேதான் பார்த்திருக்கிறோம். அது கடலடிப் பாரில் எங்கே படுக்கும், எந்த நேரம் களைக்கும் என்பது அதோடு தண்ணீருக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. புறாத்தீவுப் பாரில் அலை செய்யும் வேலையை இங்கே ஒரு பென்சில் பருமன் குழாய் செய்கிறது என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டார். அந்தப் பேச்சை இனி எங்கள் வாயால் பேச மாட்டோம்.

ஞாயிறு தோறும் காற்றுக்குழாயைக் கழற்றி ஒரு கோப்பை இளஞ்சூட்டு நன்னீரை அதன் வழியே உறிஞ்ச விடுகிறோம். கரண்ட் போய் வந்தால் ஞாயிறு வரை பொறுப்பதில்லை, உடனே நுனியில் விரல் வைத்துப் பார்க்கிறோம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. மீன் செத்தால் எந்த மீன், எத்தனை மணி, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று மூன்று கோடு. முதல் பக்கம் இன்னும் வெறுமை. புதிதாகப் பெரிய மீன் எதுவும் வாங்கவில்லை. சில்லர் திரும்ப ஓடி ஒரு மாதம் போகட்டும்.

அண்ணை, உங்கள் பம்பின் காற்றுக்கல் அடைபட்டிருந்தது, புதிது போட்டிருக்கிறோம். ரப்பர் வால்வும் வெடித்திருந்தது, அதையும் மாற்றி, நாலு பற்றரி கூட வைத்துக் கட்டியிருக்கிறோம். அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்கி வாசலுக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறோம். ஊரில் யாருடைய தொட்டியாக இருந்தாலும், எந்தச் சாமமாக இருந்தாலும், வந்து கதவைத் தட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.